பிளஸ் ஒன் குரூப்பைத் தேர்ந்தெடுப்பதே முதல் தொழில் முடிவு: கரூர் வட்டார அரசுப் பள்ளி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

தமிழ்நாட்டின் அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை தன் எதிர்காலத் தொழிலைப் பற்றி எடுக்கும் முதல் பெரிய முடிவு, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த சில நாள்களுக்குள், தலைமையாசிரியர் அறைக்கு முன்னால் வரிசையில் நிற்கும்போதே எடுக்கப்பட்டுவிடுகிறது. பதினொன்றாம் வகுப்பில் எந்தக் குரூப், அதாவது எந்தப் பாடப்பிரிவு, என்ற கேள்விக்கு அங்கே சொல்லப்படும் ஒரு சொல், இரண்டு ஆண்டுகள் கழித்து எந்தெந்தக் கல்லூரிகளின் விண்ணப்பத்தை அந்தப் பிள்ளை நிரப்பலாம், எவற்றை நிரப்பவே இயலாது என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. 2025ஆம் ஆண்டில் பத்தாம் வகுப்பு முடிவுகள் மே 16 அன்று வெளிவந்தன. பள்ளிகள் ஜூன் 2 அன்று திறந்தன. இடையில் இருந்தது ஏறத்தாழ இரண்டரை வாரம். பெற்றோர் வேலைக்குப் போகும் நாள்களைக் கழித்தால், உட்கார்ந்து பேசுவதற்கு மிஞ்சும் பொழுது இன்னும் குறைவு.

கரூர் வட்டாரத்தில் உள்ள அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில், இந்த முடிவை அந்த இரண்டரை வாரத்துக்கு விட்டுவிடாமல் ஒன்பதாம் வகுப்பிலேயே பேசத் தொடங்கிய முயற்சியைப் பற்றியது இந்த ஆய்வு. பள்ளியின் பெயரையும் பிள்ளைகளின் பெயர்களையும் தரவில்லை. அங்கே நடந்தவற்றில் எது பயன் தந்தது, எது தரவில்லை என்பதை வகுப்பறைக்கு அருகிலிருந்து பார்த்து எழுதியிருக்கிறேன்.

அரசு தந்திருப்பவை

2022 மார்ச் 1 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த 'நான் முதல்வன்' திட்டத்தைத் தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் செயல்படுத்தி வருகிறது. ஆண்டுக்குப் பத்து லட்சம் இளைஞர்களுக்குத் திறன் வளர்ப்பது என்ற இலக்கோடு தொடங்கிய அத்திட்டத்தின் பள்ளிப் பிரிவு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளில் உயர்கல்வி, வேலை வழிகாட்டலைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஜூனில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கான 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சி தொடங்கியது. தேர்வு முடிந்தும் எங்கும் சேராமல் நின்றுவிட்டவர்களைத் தேடிப் பிடிக்க 'உயர்வுக்குப் படி' வந்தது. ஐயம் கேட்க 14417 என்ற இலவசத் தொலைபேசி எண் அதற்கும் முன்பிருந்தே இருக்கிறது.

பணத்தடையைக் குறைக்கும் ஏற்பாடுகளும் வந்துள்ளன. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் சட்டமானது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அது விரிந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. மாதம் 1,000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்' திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்றும், மாணவர்களுக்கான 'தமிழ்ப் புதல்வன்' திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்றும் தொடங்கின. புதுமைப் பெண் உதவித்தொகை பட்டப்படிப்புக்கு மட்டும் உரியதன்று, பாலிடெக்னிக்கிலோ ஐ.டி.ஐ.யிலோ சேரும் பெண்ணுக்கும் உண்டு என்பதைப் பல பெற்றோர் அறியாதிருப்பதை இந்தப் பள்ளியிலும் கண்டேன்.

இவை எல்லாம் தேவையான ஏற்பாடுகள். முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் குடும்பங்களுக்கு இவற்றின் மதிப்பு சொல்லி மாளாது. ஆனாலும் இவற்றின் வேகமும் வெளிச்சமும் பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பின் கடைசியில்தான் குவிகின்றன. அரங்கு நிறைந்த நிகழ்ச்சியில் நூறு படிப்புகளைப் பற்றிக் கேட்கும் வணிகவியல் மாணவிக்கு, அவற்றில் பாதிக்குமேல் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே மூடிவிட்ட கதவுகள்.

பள்ளிக் கல்வியை வேலையோடு இணைக்கும் எண்ணம் நமக்குப் புதிதன்று. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி குழு பணி அனுபவத்தைக் கல்வியின் உறுப்பாக்கச் சொன்னது. தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோதே தொழிற்கல்விப் பிரிவும் உடன் பிறந்தது. மேல்நிலை மாணவர்களில் 1990க்குள் 10 விழுக்காட்டினரையும் 1995க்குள் 25 விழுக்காட்டினரையும் தொழிற்கல்விக்குக் கொண்டுவர 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை இலக்கு வைத்தது. 1992இல் திருத்தியபோது அந்த ஆண்டுகளை 1995, 2000 என்று தள்ளிவைத்தார்கள். மதிப்பெண் குறைந்தவர்களை ஒதுக்கிவைக்கும் இடமாகத் தொழிற்கல்விக் குரூப்பைப் பள்ளிகளே நடத்திய வரைக்கும், எந்த இலக்கும் தன் காலில் நிற்க வழியில்லை.

ஊரும் பள்ளியும்

கரூரைச் சுற்றி வேலைக்குப் பஞ்சம் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். பேருந்துக் கூண்டு கட்டும் பட்டறைகள், மேசைவிரிப்பும் படுக்கைவிரிப்பும் தைத்து ஏற்றுமதி செய்யும் நிறுவனங்கள், கொசுவலை நெய்யும் கூடங்கள், கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் புகளூர் ஆலை, புலியூர் சிமெண்ட் ஆலை என்று உழைப்புக்கு இடம் உண்டு. இந்த வளமே பள்ளிக்கு ஒரு சிக்கலையும் தருகிறது. படிப்பை விட்டால் பிள்ளை சும்மா இருக்க வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை வெளியே வந்தால் திங்கட்கிழமை சம்பளத்துக்குப் போகலாம். பட்டறையில் தினக்கூலி வாங்கும் பதினாறு வயதுப் பையனின் வருமானத்தையும், நான்கு ஆண்டு கழித்து வரக்கூடும் என்று ஆசிரியர் சொல்லும் வருமானத்தையும் ஒரு தகப்பன் தராசில் வைத்தால், எந்தத் தட்டு தாழும் என்பதை ஊகிப்பது கடினமன்று. அந்தக் கணக்கைப் போடும் பெற்றோரைப் படிப்பின் அருமை தெரியாதவர்கள் என்று பேசுவது அநீதி. அவர்கள் கையில் இருக்கும் விவரங்களை வைத்துச் சரியாகத்தான் கணக்கிடுகிறார்கள்; விவரங்கள் போதவில்லை என்பதே குறை.

பள்ளியில் வழிகாட்டி ஆசிரியராகப் பொறுப்பு வகிப்பவர் கணித ஆசிரியை. முழுப் பாடவேளையும் எடுத்துக்கொண்டே இந்தப் பொறுப்பையும் சுமக்கிறார். அவர் செய்த முதல் காரியம், ஒன்பதாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வு முடிந்ததும், ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு முழுநீளத் தாளைக் கொடுத்ததுதான். 'நீ என்ன ஆகப்போகிறாய்' என்ற கேள்வி அந்தத் தாளில் இல்லை. உனக்குத் தெரிந்தவர்களில் நீ மதிக்கும் வேலை செய்பவர் யார், அவர் என்ன படித்தார், எங்கே படித்தார், அந்தப் படிப்பில் சேர என்ன குரூப் வேண்டும் என்று ஒன்றிலிருந்து ஒன்றாகப் பின்னோக்கி இறங்கும் கேள்விகள் இருந்தன. விடை தெரியாத இடத்தைக் காலியாக விட்டு, யாரிடம் கேட்கலாம் என்று பக்கத்தில் எழுத வேண்டும். பிள்ளைகள் அதற்கு 'வழித்தாள்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

முதல் வாரத்தில் வந்த தாள்களில் டாக்டர், கலெக்டர், போலீஸ், இன்ஜினியர் ஆகிய நான்கு சொற்களே திரும்பத் திரும்ப வந்தன என்று ஆசிரியை சொன்னார். அவற்றை அவர் அடிக்கவில்லை. கலெக்டர் அலுவலகத்தில் கலெக்டரைத் தவிர வேறு யார் யார் வேலை செய்கிறார்கள், மருத்துவமனையில் உன் பாட்டிக்கு ஊசி போட்டவர் யார், ரத்தம் எடுத்தவர் யார், எக்ஸ்ரே எடுத்தவர் யார் என்று மட்டும் கேட்டு அனுப்பினார். அடுத்த முறை வந்த தாள்களில் பெயர்கள் பெருகியிருந்தன.

இரண்டு பிள்ளைகள், இரண்டு முடிவுகள்

ஒரு மாணவியின் வழித்தாளில் 'நர்ஸ்' என்று இருந்தது. தந்தை கூண்டு கட்டும் பட்டறையில் டிங்கர் வேலை செய்பவர். தாய் விரிப்புகளுக்கு ஓரம் தைப்பவர். பத்தாம் வகுப்பில் அந்தப் பெண் எடுத்த மதிப்பெண் நடுத்தரம். அறிவியலில் நன்றாகவும் கணிதத்தில் சுமாராகவும் எடுத்திருந்தாள். அந்தப் பள்ளியில் உயிரியல் இருக்கும் ஒரே குரூப்பில் கணிதமும் சேர்ந்தே இருந்தது. மதிப்பெண் வரிசைப்படி இடம் நிரப்பியபோது, அவளை வணிகவியலுக்கு எழுதும்படி உறவினர்களும் சொன்னார்கள், பள்ளியிலேயே சிலரும் சொன்னார்கள். கணக்கு வராத பிள்ளைக்கு அதுதான் தோது என்பது அவர்கள் எண்ணம். அதில் அக்கறைக் குறைவு இல்லை.

வழித்தாள் வேலை செய்தது இங்கேதான். பி.எஸ்சி. நர்சிங் படிப்புக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்பிலேயே அவள் கைப்பட எழுதியிருந்தாள். கணிதம் வேண்டும் என்று எங்கும் இல்லை. ஆகவே அவளுக்குத் தேவை கணிதம் இல்லாத அறிவியல் குரூப். அது அடுத்த ஊர் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல், விலங்கியல் என்று தனித்தனிப் பாடங்களாக இருந்தது. இதைக் கண்டுபிடித்தது ஆசிரியை அல்லர். அந்தப் பெண்ணே தன் பெரியம்மா மகளிடம் கேட்டு எழுதி வைத்திருந்தாள்.

தந்தை பள்ளிக்கு வந்தபோது நான் உடனிருந்தேன். "நர்சிங்கெல்லாம் நமக்கு ஆகுங்களா டீச்சர்? அவ்வளவு தூரம் அனுப்பிப் படிக்க வச்சு, கடைசியில சீட்டு கிடைக்கலன்னா புள்ள என்னங்க பண்ணும்?" என்று கேட்டார். அவருடைய கேள்வி மிகச் சரியான கேள்வி. வழிகாட்டல் என்ற பெயரில் நம்பிக்கைச் சொற்பொழிவு நிகழ்த்தும் பலர் இந்த இடத்தில் தடுமாறுவார்கள். ஆசிரியை தாளைத் திருப்பி இரண்டாம் பக்கத்தைக் காட்டினார். நர்சிங் இடம் கிடைக்காவிட்டால் அதே குரூப்பை வைத்து மருந்தாளுநர் டிப்ளமோ, மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம், இளநிலை அறிவியல் பட்டங்கள் என்று அந்தப் பெண் வரிசையாக எழுதியிருந்தாள். வணிகவியல் எடுத்தால் இவற்றில் பெரும்பாலானவை அடைபடும். அறிவியல் எடுத்தால் நாளை மனம் மாறி ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கோ பி.ஏ.வுக்கோ போகவும் தடையில்லை. அவர் நெடுநேரம் தாளையே பார்த்தார். பிறகு பேருந்தைப் பற்றிக் கேட்டார். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, மாணவர்களுக்குப் பாஸும் உண்டு என்பதால் காசு அவருக்குப் பொருட்டாக இல்லை. சிறப்பு வகுப்பு முடிந்து மாலையில் திரும்பும் நேரத்துக்கு வண்டி உண்டா என்பதே அவர் கவலை. அதற்கு அந்த ஊர்ப் பள்ளியில் ஏற்கெனவே படித்துவந்த இன்னொரு பெண்ணின் வீட்டாரோடு பேசி வழி செய்தார்கள். அவள் அங்கே சேர்ந்தாள்.

இதை வெற்றிக்கதையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவளுக்கு நர்சிங் இடம் கிடைக்குமா என்பது இரண்டு ஆண்டுகள் கழித்துத் தெரிய வேண்டியது. ஒரு பதினைந்து வயதுப் பெண் தன் முடிவுக்கான காரணத்தைத் தானே எழுதிக் காட்டி, தந்தை அதைப் படித்து, தன் ஐயத்தைக் கேட்டு, இருவரும் விவரம் தெரிந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள் என்பதே இங்கே கவனிக்கத்தக்கது.

இரண்டாவது பிள்ளை ஒரு பையன். படிப்பில் ஆர்வம் இழந்திருந்தான். பத்தாம் வகுப்பு முடிந்ததும் பட்டறைக்குப் போய் வெல்டிங் கற்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவனை மேல்நிலை வகுப்புக்கு இழுத்துவர ஆசிரியை முயலவில்லை. அதுவே சரி என்பது என் கருத்து. ஐ.டி.ஐ.க்குப் போ, ஆனால் எந்தப் பிரிவு என்று யோசித்துப் போ என்று சொன்னார். வெல்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. ஃபிட்டர், மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவுகள் ஈராண்டுப் படிப்புகள். பத்தாம் வகுப்போடு உரிய பிரிவில் ஈராண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஓராண்டுப் பிரிவு முடித்தவருக்கு அந்த வழி இல்லை. டிப்ளமோ முடித்தால் பொறியியல் பட்டப்படிப்பிலும் நேரடியாக இரண்டாம் ஆண்டுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கான கலந்தாய்வு காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரி வழியாக நடைபெறுகிறது. ஆக, பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது என்று நினைக்கும் ஒரு பையனுக்கு, ஓராண்டா ஈராண்டா என்ற ஒரே தேர்வில் பட்டப்படிப்பு வரை செல்லும் படிக்கட்டு திறந்திருக்கிறது அல்லது மூடிவிடுகிறது. இந்த ஒரு விவரத்தை ஒன்பதாம் வகுப்பில் சொல்லாத வழிகாட்டல், எத்தனை வண்ணப் பதாகைகள் வைத்தாலும், அந்தப் பையனுக்கு ஒன்றும் செய்ததாகாது. அவன் ஃபிட்டர் பிரிவுக்கு விண்ணப்பித்தான். வெல்டிங் ஆசையை விட்டுவிடவில்லை. விட வேண்டிய தேவையும் இல்லை.

திறன்களைப் பாடமாக்கும்போது

வேலைவாய்ப்புத் திறன்கள் என்று நாம் சொல்லுபவை இந்தியப் பள்ளிகளில் ஏற்கெனவே பாடமாகிவிட்டன. சிபிஎஸ்இ திறன் பாடங்களில் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை, தொடர்பாற்றல், சுயமேலாண்மை, தகவல் தொழில்நுட்பம், தொழில்முனைவு, பசுமைத் திறன் என்று ஐந்து அலகுகள் கொண்ட பகுதி உண்டு. எழுத்துத் தேர்வில் 10 மதிப்பெண் அதற்கு உரியது. வினாத்தாளில் அது ஆறு வினாக்களில் நான்குக்கு ஒரு மதிப்பெண் வீதமும், ஐந்து வினாக்களில் மூன்றுக்கு இரண்டு மதிப்பெண் வீதமும் எனப் பிரிந்து வரும். தமிழ்நாட்டு மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவிலும் 'வேலைவாய்ப்புத் திறன்கள்' பொதுத்தேர்வுப் பாடமாக இருக்கிறது.

இந்த அலகுகளின் பொருளடக்கத்தில் பிழை காண இடமில்லை. பிழை, அவை சோதிக்கப்படும் முறையில் இருக்கிறது. நல்ல தொடர்பாற்றலின் பண்புகள் எத்தனை என்று கேட்டால் பிள்ளை எண்ணிக்கையை மனப்பாடம் செய்யும். இலக்கை வகுக்கும் 'ஸ்மார்ட்' (SMART) முறையின் ஐந்து எழுத்துகளையும் பிசகாமல் விரித்து எழுதிய மாணவனுக்கு, அடுத்த மாதம் தான் விண்ணப்பிக்க வேண்டிய படிப்பின் கடைசித் தேதி தெரியாமல் இருக்கலாம். முழு மதிப்பெண் வாங்கியவரும் தொலைபேசியில் ஓர் அலுவலகத்தை அழைத்துத் தன் பெயரைச் சொல்லத் தயங்குகிறார் என்றால், சோதித்தது திறனை அன்று.

கரூர்ப் பள்ளியில் இதற்கு எடுத்த பயிற்சி எளியது. வழித்தாளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியாத விவரம் ஒன்றாவது இருந்தது. அதைத் தொலைபேசியில் கேட்டு அறிய வேண்டும். வகுப்பில், ஆசிரியை முன்னிலையில், ஒலிபெருக்கியில். ஒரு மாணவன் பாலிடெக்னிக் அலுவலகம் ஒன்றை அழைத்து, இரண்டாம் ஆண்டு நேரடிச் சேர்க்கை பற்றிக் கேட்டான். மறுமுனையில் இருந்தவர் "எந்த டிரேடு?" என்று கேட்டதும் அவனுக்குப் பேச்சு நின்றுவிட்டது. "சார், ஒரு நிமிஷம்" என்று சொல்லவும் தெரியாமல் இணைப்பைத் துண்டித்தான். வகுப்பு சிரித்தது; ஆசிரியை சிரிக்கவில்லை. எதிர்முனையில் என்னென்ன கேட்பார்கள் என்று வகுப்பையே யோசிக்கச் சொல்லி, கரும்பலகையில் எழுதவைத்தார். பெயர், பள்ளி, படித்த பிரிவு, கேட்க வந்தது, பேசியவர் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்வது, நன்றி. மறுபடி அழைத்தபோது அவன் முழுதாகப் பேசி முடித்தான்; விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய சான்றிதழ்களையும் கேட்டு எழுதிக்கொண்டான். தொடர்பாற்றல், சுயமேலாண்மை என்ற இரண்டு அலகுகளும் அந்த இரண்டு அழைப்புகளுக்குள் அடங்கிவிட்டன.

பட்டறைப் பார்வையும் அப்படித்தான் அமைந்தது. தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டிப் படம் பிடித்து அனுப்பும் வழக்கமான நிகழ்ச்சியாக அதை நடத்தவில்லை. பிள்ளைகளை நான்கு நான்கு பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் ஒரே ஒரு வேலையைக் கவனித்து, அதைச் செய்பவரிடம் மூன்று கேள்விகள் கேட்டுவர வேண்டும் என்று ஏற்பாடு. ஒரு குழு ஜன்னல் சட்டம் வெட்டும் இடத்தில் நின்றது. மூத்த தொழிலாளர்கள் இன்றும் இஞ்சிலும் நூலிலும் அளக்கிறார்கள். ஓர் இஞ்சுக்கு எட்டு நூல். ஆனால் பேருந்துக் கூண்டுக்கான ஏஐஎஸ் 052 விதிமுறைப்படி ஒப்புதல் பெறும் வரைபடம் முழுவதும் மில்லிமீட்டரில் இருக்கிறது. ஒரு நூலை மூன்று மில்லிமீட்டர் என்று மனக்கணக்காக வைத்துக்கொண்டால், இஞ்சுக்கு 25.4க்குப் பதில் 24 மில்லிமீட்டர் கிடைக்கும். நாற்பது இஞ்ச் சட்டத்தில் ஐந்தரை சென்டிமீட்டருக்கு மேல் பிசகிவிடும். பட்டறையில் வரைபடம் பார்த்து வெட்டுபவருக்கும் சொன்னதை மட்டும் வெட்டுபவருக்கும் கூலியில் உள்ள வேறுபாட்டை அங்கேயே ஒரு தொழிலாளர் பிள்ளைகளிடம் விளக்கினார். மறுநாள் கணித வகுப்பு அளவை மாற்றத்தில் தொடங்கியது. எதற்கு இந்தக் கணக்கு என்று கேட்கும் பின்பெஞ்சு அன்று எதுவும் கேட்கவில்லை.

புதிதாகச் சேரும் பையனிடம் என்ன எதிர்பார்ப்பீர்கள் என்று ஒரு மாணவி ஃபோர்மேனிடம் கேட்டாள். "தப்பா வெட்டிட்டா அப்பவே வந்து சொல்லணும் கண்ணு. பயந்துக்கிட்டு வெல்டு வச்சு மறைச்சுட்டா, வண்டி ரோட்டுக்குப் போன பிறகுதான் தெரியும்" என்றார். தவறை உடனே சொல்லும் துணிவைப் பள்ளிகள் எந்த அலகிலும் கற்பிப்பதில்லை; தவறு சொன்ன பிள்ளைக்கு முட்டி போடும் தண்டனை தந்தே பழகியிருக்கிறோம். ஆசிரியை இதைத் தன் வகுப்புக்கு எடுத்துவந்தார். வீட்டுப்பாடத்தில் எங்கே தடுமாறினேன் என்று முதல் வரியில் எழுதும் பிள்ளைக்கு அந்தத் தடுமாற்றத்துக்காகத் திட்டு இல்லை என்று அறிவித்தார். சில வாரங்களில் குறிப்பேடுகளின் முகமே மாறியது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பார்வை என்பது பார்வையாக மட்டுமே இருக்க வேண்டும். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 2016 திருத்தத்துக்குப் பின், பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதையும், பதினான்கு முதல் பதினெட்டு வரையிலானோரை ஆபத்தான தொழில்களில் அமர்த்துவதையும் தடைசெய்கிறது. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படியும் ஆபத்தான தொழிலில் பழகுநராகச் சேரப் பதினெட்டு வயது ஆக வேண்டும். 'வேலை அனுபவம்' என்ற நல்ல பெயரில் கோடை விடுமுறையில் பிள்ளைகளைப் பட்டறைக்கு அனுப்பிவைக்கும் எண்ணம் அங்கும் ஒருவரால் முன்வைக்கப்பட்டது. தலைமையாசிரியர் அதை மறுத்தது பாராட்டத்தக்கது.

சான்றிதழ்களும் கணக்கும்

இது சுவையற்ற பகுதி என்றாலும், இடம் கிடைத்தும் சேர முடியாமல் போவது பெரும்பாலும் இதனால்தான். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, குடும்பத்தில் எவரும் பட்டம் பெறாதிருந்தால் முதல் பட்டதாரிச் சான்று, ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று ஆகியவற்றை இ-சேவை மையத்தில் யார், எப்போது விண்ணப்பிப்பது என்று வழித்தாளின் ஓரத்தில் மாதவாரியாக எழுதவைத்தார்கள். மே மாதக் கூட்டத்தில் நிற்பதற்குப் பதில் ஜனவரியில் விண்ணப்பிக்கலாம் என்பது பெற்றோருக்குப் பெரிய ஆறுதல்.

பொறியியல் கட்-ஆஃப் கணக்கையும் பிளஸ் ஒன் தொடக்கத்திலேயே பிள்ளைகள் போட்டுப் பார்த்தார்கள். கணிதம் முழுதாக 100, இயற்பியலும் வேதியியலும் பாதியாகி 50, 50 என்று மொத்தம் 200. கணிதத்தில் 78, இயற்பியலில் 70, வேதியியலில் 82 எடுத்தால் 78, 35, 41 என்று கூட்டி 154. கணிதத்தில் கூடும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் மற்ற இரண்டில் ஏதேனும் ஒன்றில் கூடுவதைப் போல் இரு மடங்கு மதிப்புள்ளது என்பதை ஒரு மாணவன் தானே கண்டு சொன்னபோது, படிக்கும் நேரத்தை எப்படிப் பங்கிடுவது என்ற பேச்சு அதிலிருந்தே தொடங்கியது.

தீராதவை

இந்த முயற்சியின் குறைகளை மறைத்தால் ஆய்வுக்குப் பொருள் இல்லை. முதலாவது, ஆசிரியரின் நேரம். வழிகாட்டலுக்கென ஒதுக்கிய பாடவேளையை அரையாண்டுத் தேர்வு நெருங்கியதும் திருப்புதலுக்கு எடுத்துக்கொண்டார்கள். தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்டே பள்ளியை மதிப்பிடும் வழக்கம் இருக்கும் வரை, எந்தத் தலைமையாசிரியரையும் இதற்காகக் குறைசொல்வது எளிதன்று. இரண்டாவது, பெண் பிள்ளைகள். மேலே சொன்ன மாணவியின் தந்தை தாளைப் படித்தார். படிக்க மறுத்த தந்தையரும் இருந்தனர். விடுதியில் தங்கிப் படிக்க அனுப்புவதில்லை என்று முன்பே முடிவெடுத்த வீட்டில், உள்ளூரில் உள்ள படிப்புகளுக்குள் நல்லதைத் தேடுவதைத் தவிர ஆசிரியையால் வேறெதுவும் செய்ய இயலவில்லை. மூன்றாவது, மாதிரிப் பள்ளிகள் வழியாக ஐ.ஐ.டி.க்குச் சென்ற அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் படங்கள் சுவரெங்கும் இருக்கின்றன, அவர்கள் பெருமைக்குரியவர்களே. பிளஸ் டூவில் 600க்கு 320 எடுத்து, நல்ல டிப்ளமோவில் சேர்ந்து, பட்டறையில் வரைபடம் பார்க்கும் இடத்துக்கு உயர்ந்த பழைய மாணவனின் படம் எந்தச் சுவரிலும் இல்லை. பெரும்பான்மைப் பிள்ளைகளின் பாதை அவனுடையது என்பதால், அவனையும் பள்ளிக்கு அழைத்துப் பேசவைக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துகிறேன். இந்தப் பள்ளியில் அதற்கான பேச்சு தொடங்கியிருக்கிறது.

நான்காவது குறையே பெரியது. பள்ளியால் தனியே தீர்க்க முடியாததும் அதுவே. சுற்றுவட்டாரத்தில் பத்தாம் வகுப்பு வரை மட்டுமே உள்ள உயர்நிலைப் பள்ளிகள் பல. அங்கிருந்து வரும் பிள்ளைகள் எந்த வழித்தாளும் இல்லாமல் பதினொன்றாம் வகுப்பு வாசலில் வந்து நிற்கிறார்கள். நர்சிங் விரும்பிய அந்தப் பெண் அடுத்த ஊருக்குப் போனபோது அவளுடைய தாள் பழைய பள்ளியின் கோப்பிலேயே தங்கிவிட்டது. புதிய பள்ளியின் வழிகாட்டி ஆசிரியருக்கு அவள் யாரென்றே தெரியாது. ஆனால் பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் ஒவ்வொரு மாணவருக்கும் தரப்படும் எமிஸ் எண் ஒவ்வொரு பிள்ளையோடும் பள்ளி விட்டுப் பள்ளி செல்கிறது. வருகையும் மதிப்பெண்ணும் அதில் பதிவாகின்றன. விரும்பும் படிப்பு, அதற்கு வேண்டிய குரூப், மாற்று வழிகள் இரண்டு, இன்னும் வாங்காத சான்றிதழ்கள் என்று நான்கு வரிகளை ஒன்பதாம் வகுப்பிலேயே அந்த எண்ணின் கீழ் பதியவைத்து, ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளையே திருத்திக்கொள்ள இடம் தந்தால், பிளஸ் ஒன் சேர்க்கை நாளில் தலைமையாசிரியர் மதிப்பெண்ணோடு அதையும் பார்த்துக் குரூப் ஒதுக்க முடியும். இந்தக் கோரிக்கையை அந்த ஆசிரியை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுத்தாக வைத்திருக்கிறார். வட்டாரத்தின் மற்ற வழிகாட்டி ஆசிரியர்களும் தத்தம் பள்ளிக் குழுக்களில் அதை வைத்து, மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு ஒரே கோரிக்கையாக அனுப்ப வேண்டும்.